பதினாறு மட்டை... பந்து எங்கே சார்?

இந்த வாரம் விமர்சனம் சினிமாவுக்கு இல்லை. ஒரு மட்டைக்கு. ஹாக்கி மட்டைக்கு!

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோமா?

உங்கள் கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. சொந்தப் பணம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் என்று போட்டுச் சேர்த்தது. அதை வைத்துப் பதினாறு பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித்தர வேண்டும். கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் கறுப்பில் சிவப்புக் கோடு போட்டுப் பளபளவென்று ஒரு மட்டையை எடுத்து நீட்டுகிறார். 'காம்போசிட் சார்! இப்ப எல்லாரும் இதுலதான் ஆடறாங்க. மொத்தமா எடுத்தா 1,250-க்குத் தர்றேன்.' கடையின் இன்னொரு மூலையில் மர மட்டைகள் ஒரு சாக்கில் சாய்ந்து நிற்கின்றன. 600 ரூபாய். அவற்றை அவரும் காட்டவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

பதினாறை 1,250-ஆல் பெருக்குங்கள். சரியாக 20,000. அடடா, என்ன பொருத்தம்! பில் போட்டாச்சு. வரிசையாக நிற்க வைத்து போட்டோவும் எடுத்தாச்சு. மறுநாள் காலை மைதானத்தில் ஒரு பொடியன் கேட்கிறான்... 'பந்து எங்கே சார்?'

சிரிக்காதீர்கள். நன்கொடைப் பணத்தில் விளையாட்டுச் சாமான் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள். மட்டை போட்டோவில் தெரியும். பந்தும் காலுறைக்குள் வைக்கிற தடுப்பும் தெரியாது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டதிலிருந்துதான் இந்தக் கட்டுரையே பிறந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் அவரிடம் இருக்கிறார்கள். மூச்சுப் பிடித்து ஓடுவார்கள், பள்ளம் மேடு பார்க்க மாட்டார்கள். 'மரமா, ஃபைபரா? ஒரே வரியில சொல்லுங்க சார்' என்றார். ஒரே வரியில் சொல்லலாம்தான். ஆனால் அந்த வரி மட்டையைப் பற்றியதாக இருக்காது. தரையைப் பற்றியதாக இருக்கும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறியிருக்கிறீர்களா? கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டுதான் கல்வராயன். இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர். (கேரளத்துக்காரர்கள் இல்லை. மலையை ஆள்பவர்கள்!) இங்கே நாலு பக்கமும் கோடு போடுகிற அளவுக்குச் சமதளம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் செம்மண், சரளை, மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் சிமென்ட். அடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானங்களும் இதற்கு ஒன்றும் அண்ணன் இல்லை.

இந்தத் தரையில் ஆட வேண்டிய பிள்ளைக்கு, தண்ணீர் தெளித்த நீலநிற டர்ஃபில் ஆடுகிறவனுக்காகச் செய்த மட்டையை விற்கிறார்கள். என் சண்டையே இங்கேதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இந்தச் சண்டை புதுசில்லை என்று தெரியும். 1975-ல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அது புல்தரை. அடுத்த வருஷமே, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில், முதல் முறையாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். இந்தியா ஏழாவது இடம்! ஒரே வருஷத்தில் ஆட்டக்காரர்களுக்குத் திறமை ஆவியாகிவிட்டதா என்ன? தோற்றதற்கு நிர்வாகக் குளறுபடி, பயிற்சி என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் தரையின் தலையில் கட்டக்கூடாது. ஆனால் தரை மாறியதும் ஆட்டம் மாறியது, ஆட்டம் மாறியதும் மட்டை மாறியது, மட்டை மாறியதும் விலை மாறியது. இந்த வரிசை முக்கியம். முதலில் தரை, கடைசியில்தான் மட்டை. நாமோ தரையை அப்படியே விட்டுவிட்டு மட்டையை மட்டும் மாற்றப் பார்க்கிறோம்!

சரி, மரத்துக்கு வருவோம்.

இந்திய ஹாக்கி மட்டை மல்பெரி மரத்தில் செய்வது. நம்மூரில் மல்பெரி என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழுவுக்குத் தீனியாக, இடுப்பளவுச் செடியாக வெட்டி வெட்டி வளர்ப்பதுதான் ஞாபகம் வரும். அதையே மரமாக வளரவிட்டால் லேசான, வளைந்து கொடுக்கிற, அடி தாங்குகிற கட்டை கிடைக்கும். அதைக் கீற்றாக அறுத்து, ஆவியில் வேகவைத்து, அச்சில் வைத்து வளைத்தால் மட்டையின் கொக்கி. பிடிக்குப் பிரம்பு சேர்ப்பார்கள். ஜலந்தரும் மீரட்டும் இந்த வேலைக்குப் பேர் போனவை. பிரிவினை சமயத்தில் சியால்கோட்டிலிருந்து கிளம்பி வந்த தொழில்காரர்கள் கையோடு கொண்டுவந்த வித்தை அது. ரக்ஷக், ஆல்ஃபா, ஃப்ளாஷ் என்று நம்மூர்க் கடைகளில் பார்க்கும் பெயர்களெல்லாம் ஜலந்தர்க்காரர்கள்தான். சியால்கோட்டில் இன்றைக்கும் மட்டை செய்கிறார்கள். கோடு போட்டது நாட்டுக்குத்தான், மட்டைக்கு இல்லை.

இந்த இடத்தில் கள்ளக்குறிச்சிக்காரர்கள் யாராவது கையைத் தூக்குவீர்கள், தெரியும். 'நாங்க பார்க்காத மரமா சார்?' நியாயம்தான். 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளால் வெளியூர்க்காரர்களின் வாயில் இந்த ஊர்ப் பெயர் வேறு விதமாக விழுந்துவிட்டது. ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்துத் தச்சர்கள் பல தலைமுறையாக மரத்தில் சாமியையும் தேரையும் செதுக்கி வருகிறவர்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அப்புறம் ஏன் 600 ரூபாயை ஜலந்தருக்கு அனுப்ப வேண்டும்? ஒரு பலகையை எடுத்து வளைவாக அறுத்துக் கொடுத்தால் ஆயிற்றே?

ஆகாது. காரணம் சுவாரஸ்யமானது. மரத்துக்கு நார் ஓட்டம் உண்டு. சிற்பி மரத்தைக் குடைகிறார். நார் எந்தப் பக்கம் வெட்டுப்பட்டாலும் பிள்ளையாருக்கு வலிக்காது. அவர் பூஜையறையில் உட்கார்ந்திருக்கப் போகிறவர். மட்டையோ வாங்குகிற அடி வேறு. நேரான பலகையில் கொக்கியை அறுத்து எடுத்தால், வளைகிற இடத்தில் நார் குறுக்கே அறுபட்டுவிடும். பந்தை நாலு அடி அடித்ததும் முனை தனியாகப் பறக்கும், பந்து அங்கேயே கிடக்கும். அதனால்தான் அறுக்காமல் வேகவைத்து வளைக்கிறார்கள். நார் உடையாமல் கொக்கியோடு சேர்ந்து திரும்புகிறது.

இது நம் விவசாயிக்குத் தெரியாத விஷயமில்லை. கலப்பைக்குக் கருவேலங்கட்டை தேடுகிறவர் நேர் மரத்தை வெட்டி வளைவு செய்ய மாட்டார். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடித்தான் அலைவார். கிளையை ஒடித்து மட்டையாக்கி, தேங்காய் மட்டையை உருட்டி விளையாடுகிற வாண்டுகளும் அதே மாதிரி வளைந்த கிளையாகத்தான் பார்த்து எடுக்கும். அறிவியல் பாடத்தில் படித்துவிட்டு எடுப்பதில்லை. நேர்க் கிளையில் அடித்து ஒருமுறை கை கடுத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆக, மர மட்டையின் குணம் இது: அடி பட்டால் அதிர்வைக் கொஞ்சம் தானே வாங்கிக்கொள்ளும். வேகமாக வருகிற பந்து அதன்மேல் பட்டுத் துள்ளி ஓடாமல் அடங்கி நிற்கும். முதன்முதலாக மட்டை பிடிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. பந்தை நிறுத்தக் கற்றுக்கொள்வதுதான் ஹாக்கியில் அரிச்சுவடி. இன்னொரு குணம், மரம் உடனே சாகாது. முதலில் முனை சிலும்பும், அப்புறம் பிளவு விடும், அப்புறம் ஆட்டம் காட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் உப்புக்காகிதம், பசை, டேப் என்று வைத்தியம் பண்ணலாம். (பண்ணியே ஆகவும் வேண்டும். மட்டை வழவழப்பாக இருக்க வேண்டும், கூரான சிலும்பல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. எதிராளியின் கணுக்காலைப் பார்த்தால் அந்த விதியின் அருமை புரியும்.)

குறை இல்லையா? இருக்கிறது. தண்ணீர்தான் எமன். ஈரத்தில் ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு மர மட்டை ஒன்றுபோல் இருக்காது. அடியில் வேகம் குறைவு. 'மரத்துல ஆடினாத்தான் சார் நிஜ ஹாக்கி, அந்தக் காலத்துல...' என்று ஆரம்பிக்கிற பெரியவர்களுக்கும் ஒரு கும்பிடு. அந்தக் காலத்தில் எல்லாருமே மரத்தில்தான் ஆடினார்கள். நீங்கள் மட்டும் மரம், எதிராளி கார்பன் என்கிற நிலைமை அப்போது இல்லை.

இப்போது பளபள மட்டை.

காம்போசிட் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை. ஒரு கலவையின் பெயர். நம்மூர் சாம்பார் பொடி மாதிரி. கண்ணாடி இழை, கார்பன் இழை, சிலதில் குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுகிற அராமிட் இழை. இவற்றைப் பசையில் தோய்த்து அச்சில் அழுத்தி எடுத்தால் மட்டை. கார்பன் கூடக்கூட விறைப்பு, விறைப்பு கூடக்கூட அடியில் வேகம், விலையில் அதைவிட வேகம். கண்ணாடி இழை அதிகமாக இருந்தால் கொஞ்சம் மெத்தென்று, விலையும் கைக்குள். உலோகத்துக்கு மட்டும் விதியில் இடமில்லை. தண்ணீர் இறங்காது, இன்றைக்கு இருப்பது போலவே நாளைக்கும் இருக்கும், ஒரே மாதிரி நூறு மட்டை செய்யலாம். டர்ஃபில் ஆட இதைவிட நல்ல சாமான் கிடையாது, மறுப்பவன் பொய் சொல்கிறான்.

ஆனால், 1,250 ரூபாய் காம்போசிட்டில் என்ன இருக்கிறது? ஸ்டிக்கரில் ஒரு சதவிகிதம் போட்டிருக்கும். யார் எண்ணிப் பார்த்தார்கள்? தயான்சந்த் மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று நெதர்லாந்தில் உடைத்துப் பார்த்தார்களாம், ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிற கதை. பாவம், அந்த மட்டைக்குள் மரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. உடைத்துப் பார்க்க வேண்டியதெல்லாம் இன்றைக்கு விற்கிற மலிவு மட்டைகளைத்தான்! சிலதில் மரத்துக்கு மேல் ஃபைபர் துணி சுற்றிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அது தப்பில்லை, நல்ல மட்டையாகக்கூட இருக்கலாம். அதைக் காம்போசிட் என்று விற்பதுதான் தப்பு. விரல் முட்டியால் தண்டைத் தட்டிப் பாருங்கள். காம்போசிட் உள்ளே கூடு, சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய பிரச்னை சரளை. கல்லில் உரசி உரசிக் காம்போசிட்டின் அடிப்பக்கம் தேய்கிறது. மேல் பூச்சு போய் இழை வெளியே வந்துவிட்டால் அப்புறம் வைத்தியம் கஷ்டம். கழுத்தில் விரிசல் விட்டால் வேலை முடிந்தது. மரம் நோயாளி மாதிரி படுத்துப் படுத்துச் சாகும். இது மாரடைப்பு! சனிக்கிழமை சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு துண்டு.

நான் படித்தது பி.காம். ஹாக்கிக் கோச் எழுத முடியாத ஒரு பாராவை நான் எழுதலாம், அனுமதியுங்கள். தேய்மானம் ஞாபகம் இருக்கிறதா? நேர்கோட்டு முறை. வாங்கிய விலையை உழைக்கிற காலத்தால் வகுத்துப் போடுவது. 600 ரூபாய் மர மட்டை சரளையில் ஆறு மாசம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசத்துக்கு 100 ரூபாய். 2,500 ரூபாய் காம்போசிட் டர்ஃபில் இரண்டு வருஷம் வருகிறது என்று வைத்தால் மாசத்துக்கு 104. கிட்டத்தட்ட சமம். அதே மட்டையைச் சரளையில் போட்டால் பத்து மாசம் என்று வையுங்கள். மாசம் 250. அந்த 1,250 ரூபாய் பளபளப்பு சரளையில் ஆறு மாசம் தாங்கினால் மாசம் 208. எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் மைதானத்தின் அனுபவத்தை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆனால் கோணம் மாறாது. டர்ஃபில் காம்போசிட் ஆடம்பரம் இல்லை, மரத்தின் செலவுதான் ஆகிறது. சரளையில் அதுவே இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு.

கணக்குப் புத்தகத்தில் வராத ஒன்றும் உண்டு. 2,500 ரூபாய் கொடுக்கிறவர் இரண்டு வருஷத் தேய்மானத்தை முதல் நாளே கட்டுகிறார். கூலிக்குப் போகிற வீட்டில் மாசம் நூறு ரூபாய் புரட்டலாம், ஒரே நாளில் 2,500 புரட்ட முடியாது. முதல் வாரமே உடைந்தால்? 600 போனால் அப்பா திட்டுவார். 2,500 போனால் பையன் ஹாக்கிக்கே வரமாட்டான். அதற்குப் பயந்தே மட்டையைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பந்துக்குக் குறுக்கே மட்டையைப் போட யோசிக்கிறவன் எங்கே தடுப்பாட்டம் ஆடுவது?

'அப்போ மரமே போதும்னு சொல்றீங்களா?' இல்லை சார். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

மாவட்டம் தாண்டி மாநிலத் தேர்வு என்று வந்தால் பிள்ளை நிற்கப்போவது டர்ஃபில். சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம், மதுரை, கோவில்பட்டி... அங்கே பந்து வருகிற வேகமே வேறு. பக்கத்தில் நிற்கிறவன் கையில் காம்போசிட். இவன் கையில் தண்ணீரில் ஊறுகிற மரம். திறமை இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் கண்ணுக்கு, 'பந்து நிக்க மாட்டேங்குது, அடியில பலம் இல்ல' என்றுதான் தெரியும். மட்டை எது என்று அவர் குறித்துக்கொள்ளப் போவதில்லை.

தன்ராஜ் பிள்ளையைப் பாருங்கள் என்று உடனே உதாரணம் காட்டுவார்கள். புனே பக்கத்துக் கட்கியில் உடைந்த மட்டை, யாரோ வீசிய பந்து என்று மண்ணில் விளையாடி வளர்ந்தவர், நாலு ஒலிம்பிக்ஸ் ஆடினார். உண்மை. ஆனால் உடைந்த மட்டை அவரை உருவாக்கவில்லை. உடைந்த மட்டையையும் தாண்டி அவர் வந்தார். தாண்ட முடியாமல் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, அவர்களைப் பற்றிக் கட்டுரையும் வராது. நம் காலத்து உதாரணம் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக அறிமுகமான அரியலூர் கார்த்தி, கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். இரண்டு பேருமே கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் தயாரானவர்கள். அரியலூர்ப் பையன் கோவில்பட்டிக்குப் போக வேண்டியிருந்தது. தரை அங்கே இருந்தது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தத் தரைக்கும் கச்சிராயபாளையத்துச் சரளைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

ஆகவே நம் வாத்தியாருக்கு நான் சொன்ன கணக்கு இது. அதே 20,000.

மர மட்டை பதினாறு, 600 வீதம் 9,600. நல்ல காம்போசிட் இரண்டே இரண்டு, 2,500 வீதம் 5,000. முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஷின் கார்டு பதினாறு ஜோடி, 200 வீதம் 3,200. பந்து பத்து, 150 வீதம் 1,500. மீதி 700-க்கு டேப், கிரிப், பசை, உப்புக்காகிதம். கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். விலை உங்கள் ஊர்க் கடையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பேரம் பேசத் தெரியாத உடற்கல்வி ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்த இரண்டு காம்போசிட்டும் யாருக்கும் சொந்தமில்லை. 'கேப்டனுக்கு ஒண்ணு, நல்லா ஆடறவனுக்கு ஒண்ணு' என்று ஆரம்பித்தீர்களோ, தொலைந்தது. முறை வைத்துக் கையில் கொடுங்கள். மைதானத்தில் ஒரு மூலையைப் பெருக்கி, கல் பொறுக்கி, அங்கே மட்டும் அதை வைத்துப் பந்தை நிறுத்தவும் தள்ளவும் பழகட்டும். போட்டிக்குப் போவதற்கு முந்தைய இரண்டு வாரம் போகிற பிள்ளைகள் கையிலேயே இருக்கட்டும். விறைப்பான மட்டையில் பந்து எப்படித் துள்ளும் என்று கைக்குத் தெரிந்தால் போதும், தேர்வு நாளில் திகைக்க மாட்டான். கார்பன் அதிகமாக வாங்காதீர்கள். அது பெரியவர்கள் சமாசாரம். பிஞ்சுக் கையில் அதிர்வும் ஏறும், பந்தும் எகிறும்.

கோல்கீப்பர் சாமான் இந்தக் கணக்கில் இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். கால் பேட், ஹெல்மெட், மார்புக் கவசம் என்று அது தனிச் செலவு, தனி நன்கொடை. அது வரும்வரை கோலில் ஆளை நிறுத்தாதீர்கள். காலி டின்னை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கட்டிப் பந்து அது. கவசமில்லாத பிள்ளையை அதற்கு முன்னால் நிறுத்துவது துணிச்சல் இல்லை, குற்றம்.

வாங்கும்போது இன்னும் இரண்டொரு விஷயம். நம் ஊரில் யூனிஃபார்ம் தைக்கும்போது 'வளர்ற புள்ள, ரெண்டு இஞ்ச் சேர்த்து வைங்க' என்போம். மட்டைக்கு அந்தப் பேச்சே கூடாது. மட்டையைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மேல் நுனி இடுப்பெலும்பு வரை வந்தால் சரி. அதற்கு மேல் போனால் பிள்ளை குனியவே குனியாது, மட்டை வயிற்றில் குத்தும். பதினாறும் ஒரே அளவில் வாங்காதீர்கள். எடையும் அப்படித்தான். விதிப்படி 737 கிராம் வரை போகலாம் என்பதற்காக ஏழாம் வகுப்புப் பொண்ணு கையில் உலக்கையைக் கொடுக்க வேண்டாம்.

மட்டையின் தண்டில் ஒரு வில் வளைவு இருக்கும், பார்த்திருப்பீர்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது என்பது சட்டம். அந்த வளைவு கொக்கிக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிற மட்டைகளை 'டிராக் ஃப்ளிக் அடிக்க சூப்பர்' என்று விற்பார்கள். டிராக் ஃப்ளிக் அடிக்கத் தெரிந்தவனுக்கு சூப்பர்தான். தெரியாதவன் ஓங்கி அடித்தால் பந்து தரையை விட்டுக் கிளம்பும். மேடு பள்ளத் தரையில் ஏற்கெனவே அது எகிறிக்கொண்டிருக்கிறது! வளைவு நடுவில் இருக்கிற சாதா மட்டையே போதும்.

இடது கைக்காரப் பிள்ளைகளுக்குத் தனி மட்டை கேட்டுக் கடை கடையாக அலையவும் வேண்டாம். கிடைக்காது. ஹாக்கியில் எல்லா மட்டைக்கும் தட்டைப் பக்கம் ஒரே பக்கம்தான். கிரிக்கெட்டில் இருக்கிற சலுகை இங்கே இல்லை. நல்லவேளை, மட்டையின் மேல் நுனியைப் பிடித்துத் திருப்புவது எல்லாருக்கும் இடது கைதான். அந்தக் கையில் பலம் இருக்கிற பிள்ளைக்கு அது நஷ்டமில்லை.

கடைசியாகப் பள்ளிக்கூட அலமாரி சமாசாரம். மழைக்காலத்தில் ஈரமான மர மட்டையை மூலையில் சாத்திவைத்துவிட்டுப் போகாதீர்கள். துடைத்து, நிழலில் உலர்த்தி, தரையில் படாமல் மாட்டிவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயின்டில் எண் போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். எந்த எண் எந்த மாசம் உடைந்தது என்று எதிரே எழுதுங்கள். ஒரு வருஷம் எழுதினால் என் ஆறு மாசக் கணக்கு சரியா தப்பா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த முறை நன்கொடை கேட்கப் போகும்போது அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள், போட்டோவை விட அதிகம் பேசும்.

பிடிப் பக்கம் பிளந்த மர மட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கொக்கி நன்றாக இருந்தால் மேலே நாலு இஞ்ச் அறுத்துவிட்டு, நுனியை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, புது கிரிப் சுற்றினால் ஆறாம் வகுப்புக்கு ஒரு மட்டை தயார். அடிப்பக்கம் கொஞ்சம் கனக்கும், பழகுகிறவனுக்குப் பரவாயில்லை. காம்போசிட்டில் இது நடக்காது. உள்ளே கூடு, அறுத்தால் குழாய்தான் மிஞ்சும். கள்ளக்குறிச்சியில் எந்தத் தச்சுப் பட்டறையில் கொடுத்தாலும் அஞ்சு நிமிஷத்தில் அறுத்துத் தந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று சொல்லுங்கள், காசுகூட வாங்க மாட்டார்கள்.